ரெண்டு சிவப்புக் கேள்விக்குறி

போன வருடம் பீடங்களுக்கு இடையிலான செஸ் போட்டியில் எங்கட கலைப்பீட அணி அரையிறுதியோடு வெளியே வந்தது. நாலு பலகை. ஒன்றில் வெற்றி, ஒன்றில் சமநிலை, ஒன்றில் தோல்வி. கடைசியாக மிஞ்சியிருந்தது இரண்டாம் பலகை. அதில் ஒரு சமநிலை கிடைத்திருந்தாலே 2–2. கிடைக்கவில்லை. எங்கட போர்டிங்கில் எங்களோடு ஒரே அறையில் இருக்கிறவன் தான் அந்த இரண்டாம் பலகைக்காரன்.

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போதே நாங்கள் அவனுடைய ஸ்கோர் ஷீற்றை வாங்கி ஒவ்வொரு நகர்வாகப் போனில் அடிக்கத் தொடங்கிவிட்டோம். 27ஆவது நகர்வில் திரையின் ஓரத்தில் இருந்த கம்பம் சடாரென்று வெள்ளையாகியது. +0.3 ஆக இருந்த எண் +2.3 ஆனது. நகர்வுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புக் கேள்விக்குறி. அவன் கறுப்பு. அந்த நகர்வில் தன் பிஷப்பால் ஒரு சிப்பாயை வெட்டி, பிஷப்பைச் சும்மா குடுத்திருந்தான்.

(பிஷப் என்று தான் நாங்கள் சொல்லிப் பழகினது. மந்திரி என்று சொன்னால் "ராணியையோ சொல்றீங்கள்?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கினம். அதேபோல இந்தக் குடுக்கிற விஷயத்துக்குத் தியாகம் என்றொரு சொல் இருக்கிறது. எங்கட ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பாரம் கூட. ஆகவே இந்தக் கட்டுரையில் 'குடுக்கிறது' தான்.)

"டேய், என்ன தான தருமமோ?" என்று ஒருவர் தொடங்கினோம். அதோடு அவனுக்குத் 'தர்மகர்த்தா' என்று பெயர் வந்தது. கன்டீனில், லெக்சர் ஹோலில், வட்ஸ்அப் குழுவில் எல்லாம் அதே பகிடி. அடுத்த போட்டிக்கு அணியைப் போடும்போது அவனை ரிசேவ் ஆக்கினோம். யாரும் நேரே காரணம் சொல்லவில்லை. காரணம் போனில் இருந்தது. அவன் ஒன்றும் கதைக்கவில்லை. "எனக்கு அந்த மூவ் சரியெண்டு தான் பட்டது" என்று ஒருதரம் சொன்னான், பிறகு அறையில் செஸ் பலகையைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

மூன்று கிழமை கழித்து, ஒரு மழை ராத்திரி, அவனே கட்டிலுக்குக் கீழே இருந்து பலகையை இழுத்து எடுத்துப் பத்துக் காய்களை மட்டும் அடுக்கினான். "இதை உங்கட போனில போட்டுப் பாருங்கோடா."

வெள்ளைக்கு ராஜா, பிஷப், இரண்டு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, பிஷப், நாலு சிப்பாய். கறுப்பு நகர்த்த வேண்டும். போன் கறுப்புக்கு நல்ல சாதகம் என்றது. சிப்பாயைத் தள்ளு, ராஜாவை அசை என்று சாதாரணமான சில நகர்வுகளைப் பட்டியலிட்டது. "சரி, அந்த நகர்வுகளை விளையாடி வென்று காட்டுங்கோ" என்றான். முக்கால் மணித்தியாலம் முயன்றோம். முடியவில்லை.

அது 1998இல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் வெசெலின் தோப்பலோவும் அலெக்சி ஷீரோவும் ஆடிய ஆட்டம். ஷீரோவ் கறுப்பு. (அந்தப் போட்டியில் முதலாவதாக வந்தது எங்கட ஆனந்த். 'எங்கட' என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கதை.) இரண்டு பேரிடமும் பிஷப் இருக்கிறது, ஆனால் ஒன்று கறுப்புக் கட்டத்தில் ஓடுவது, மற்றது வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது. இப்படியான முடிவாட்டத்தில் இரண்டு சிப்பாய் கூட இருந்தாலும் வெல்வது பெரும்பாடு. ஒரு பிஷப் காவல் காக்கிற கட்டத்தை மற்ற பிஷப் சாகும் வரைக்கும் தொட முடியாது. வெள்ளை ராஜா ஜி1இல் இருந்து எஃப்2, ஈ3 என்று இரண்டு எட்டு வைத்து நடுவுக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது, சமநிலை. கறுப்பு ராஜா அதற்கு முன் ஈ4இல் போய்க் குந்த வேண்டும். போகிற வழியில், எஃப்5இல், தன்னுடைய பிஷப்பே குறுக்கே நிற்கிறது.

ஷீரோவின் 47ஆவது நகர்வு: பிஷப் எச்3.

அந்தக் கட்டத்தில் பிஷப்புக்கு எந்தக் காவலும் இல்லை. ஜி2இல் நிற்கிற வெள்ளைச் சிப்பாய் அப்படியே சாப்பிடலாம். முதல் தரம் பார்த்தபோது கை தவறி வைத்தது என்று தான் நாங்கள் நினைத்தோம். அவன் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டினான். பிஷப் வேறு எங்கேயாவது விலகினால் வெள்ளை ராஜாவுக்கு எஃப்2க்கு வர ஒரு நகர்வு கிடைக்கும். ஆகவே விலகும்போதே எதையாவது தாக்க வேண்டும். தாக்க இருப்பது ஜி2 சிப்பாய். ஈ4க்குப் போனாலும் ஜி2 தாக்கப்படும், ஆனால் ஈ4 ராஜாவுக்குத் தேவைப்படுகிற கட்டம். மிச்சம் எச்3 ஒன்று தான். வெட்டினால் வெள்ளையின் ஒரு நகர்வு வெட்டுவதிலேயே போய்விடும். வெட்டாமல் ராஜாவை எஃப்2க்குக் கொண்டுவந்தால் கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்3 என்று மறித்தால் பிஷப் ஜி2 சிப்பாயை வெட்டி செக். எப்படிப் போனாலும் கறுப்பு ராஜா ஈ4க்கு வந்துவிடும். ஒரே ஒரு நகர்வை வாங்குவதற்கு ஒரு முழு பிஷப்.

தோப்பலோவ் வெட்டினார். ஆறு நகர்வு கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். நாங்கள் அந்தக் கடைசி நிலையில் காய்களை எண்ணிப் பார்த்தோம். வெள்ளையிடம் ஒரு பிஷப்பும் இரண்டு சிப்பாயும், கறுப்பிடம் மூன்று சிப்பாய் மட்டும். பிஷப்புக்கு 3, சிப்பாய்க்கு 1 என்ற பள்ளிக்கூடக் கணக்கில் 5க்கு 3. கணக்கில் முன்னுக்கு நின்றவர் தான் கை குடுத்துவிட்டு எழும்பினார். ஏ கோட்டிலும் டி கோட்டிலும் கறுப்புச் சிப்பாய்கள் ஓடுகின்றன, ஒரு பிஷப்பால் இரண்டு பக்கமும் ஓட ஏலாது.

அந்தக் காலத்துக் கணினிகளுக்கு இந்த நகர்வு பிடிபடவே இல்லை. எங்கட போனில் இருக்கிற ஸ்டாக்ஃபிஷ் அவற்றை விட எத்தனையோ மடங்கு பலசாலி. அப்படியிருந்தும் அது முதலில் காட்டிய பட்டியலில் எச்3 இல்லை. பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது பட்டியலின் மேலே வந்து நின்றது, எண்ணும் பெரிதாகியிருந்தது.

இதற்குப் பிறகு தான் எஞ்சின் என்ன செய்கிறது என்று நாங்கள் தேடிப் படித்தோம். அரசறிவியலும் தமிழும் படிக்கிற பிள்ளைகளுக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம்.

அடிப்படை, குளோட் ஷனன் 1950இல் எழுதிய கட்டுரையில் இருந்தே கிட்டத்தட்ட ஒன்று தான். நான் ஒன்று வைத்தால் அவன் எனக்கு ஆகக் கெட்டதைத் தான் வைப்பான் என்று நினைத்துக்கொண்டு, மாறி மாறி முன்னோக்கிப் பார். ஒரு கட்டத்தில் நிறுத்து. அங்கே காய்களை எண்ணி, ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் ஒழுங்கு என்று பார்த்து ஒரு எண் போடு. அந்த எண்ணை மேலே கொண்டுவா. எங்கட போனில் வந்த +2.3 இப்படி வந்தது தான்.

பிரச்சினை, முன்னோக்கிப் பார்ப்பது என்பது பெருகிக்கொண்டே போகிற வேலை. ஒரு நிலையில் 30 நகர்வு இருக்கிறது என்று வைத்தால், ஆளுக்கு மூன்று நகர்வு பார்ப்பதற்கே 72 கோடிக்கு மேற்பட்ட வழிகள். எல்லாவற்றையும் பார்க்க ஏலாது. ஆகவே கழிக்க வேண்டும். ஒரு நகர்வுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல பதில் இருப்பது தெரிந்துவிட்டால், அவனுடைய மிச்சப் பதில்களைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, விட்டுவிடலாம். இந்தக் கழிப்பு ஒழுங்காக வேலை செய்ய, நல்ல நகர்வுகளை முதலில் பார்த்திருக்க வேண்டும். எது நல்லது என்று பார்க்க முதலே எப்படித் தெரியும்? அங்கே தான் வரிசை வருகிறது. முந்திய சுற்றில் நல்லதாகத் தெரிந்தது முதலில். பிறகு இலாபமான வெட்டுகள். பிறகு வேறு இடங்களில் பலன் தந்த நகர்வுகள். வரிசையின் வாலில், பார்த்தவுடன் நட்டமாகத் தெரிகிறவை.

வாலில் நிற்கிறவைக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. அவற்றை எஞ்சின் மற்றவை அளவுக்கு ஆழமாகப் பார்க்காது. மேலோட்டமாகப் பார்க்கும், ஏதாவது நல்லது தெரிந்தால் மட்டும் திரும்பி வந்து முழுசாகப் பார்க்கும். பிஷப் எச்3இல் மேலோட்டமாகப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு பிஷப் போய்விட்டது. ராஜா ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு வைத்தது. இன்னும் ஒரு சிப்பாயும் போனது. எந்த இடத்தில் நிறுத்தி எண்ணினாலும் நட்டம். தோப்பலோவ் எழும்பின இடத்தில் நிறுத்தி எண்ணினாலும் காய்க்கணக்கு நட்டம் தான் காட்டும். நல்லது தெரிகிற இடம் வரைக்கும் யாரும் அதைக் கூட்டிக்கொண்டு போவதில்லை.

இதில் எங்களுக்கு ஆக வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த நிலையில் எஞ்சினுக்கு எந்த அவசரமும் இல்லை. மற்ற நகர்வுகளிலும் தான் முன்னுக்கு நிற்பதாகவே அதற்குத் தெரிகிறது, இரண்டு சிப்பாய் கூட அல்லவா. தோற்கிற நிலை என்றால் வாலில் இருப்பதையும் கிண்டிப் பார்த்திருக்கும். சும்மா இருந்தாலே வெல்லலாம் என்று பிழையாக நம்பியதால் வெல்கிற ஒரே வழி கண்ணில் படவில்லை.

எல்லாக் குடுப்பும் இப்படி இல்லை. ராணியைக் குடுத்து செக், அடுத்ததும் செக், நாலாவதில் மேட் என்று வருவதை எஞ்சின் கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும். செக்குக்குப் பதில் சொல்ல எதிராளியிடம் ஒன்றோ இரண்டோ வழி தான் இருக்கும், ஆகவே கிளைகள் பெருகாது. நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கிற குடுப்புகள் பெரும்பாலும் அதற்கு எளிதானவை. குடுத்துவிட்டு, அமைதியாக, ராஜாவை நடத்திக்கொண்டு போவது தான் கஷ்டம்.

1997இல் கஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூவைப் பற்றியும் இதில் ஒரு கதை இருக்கிறது. கடைசி, ஆறாவது ஆட்டத்தில் அது எட்டாவது நகர்விலேயே ஒரு குதிரையைக் குடுத்தது. 19 நகர்வில் ஆட்டம் முடிந்தது. இயந்திரமே துணிந்து குடுக்கத் தொடங்கிவிட்டது என்ற மாதிரித் தான் நாங்கள் அதை முதலில் வாசித்தோம். உண்மையில் அந்தக் குதிரையை அது கணித்துக் குடுக்கவில்லை. அந்த நகர்வு அதன் தொடக்க நகர்வுப் புத்தகத்திலேயே மனிதர்களால் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒரு செக்கனுக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கிற இயந்திரம், அந்த இடத்தில் கொப்பியைப் பார்த்து எழுதியது. சோதனை மண்டபத்தில் நாங்கள் செய்தால் பிடித்து வெளியே அனுப்புவார்கள்.

2017 டிசம்பரில் வந்த அல்ஃபாஸீரோ வேறு மாதிரி. அதற்குப் பிஷப் 3, சிப்பாய் 1 என்று யாரும் சொல்லிக் குடுக்கவில்லை. தன்னோடு தானே விளையாடிப் பழகியது. ஒரு நிலையைப் பார்த்து அது கேட்கிற கேள்வி "எத்தனை காய் கூட?" என்பது இல்லை, "இங்கே இருந்து வெல்ல எவ்வளவு சாத்தியம்?" என்பது. ஆகவே ஒரு சிப்பாயைக் குடுத்துவிட்டு இருபது நகர்வு கழித்துப் பலனை எடுக்கிற ஆட்டங்கள் அதில் வந்தன. ஸ்டாக்ஃபிஷ் செக்கனுக்கு 7 கோடி நிலை பார்த்த இடத்தில் இது 80,000 தான் பார்த்தது. 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 சமநிலை.

ஆனால் அதற்கும் ஒரு வால் வரிசை உண்டு. ஒவ்வொரு நகர்வுக்கும் முதல் பார்வையிலேயே ஒரு நம்பிக்கை வீதம் போடும். வீதம் கூடினதைத் தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். பழகின ஆட்டங்களில் அரிதாக இருந்த நகர்வுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத் தான் கிடைக்கும், அந்தப் பக்கம் பிறகு எட்டியும் பார்க்காது. நீண்டகாலக் குடுப்பில் கெட்டிக்காரன், மூன்று நகர்வுப் பொறியில் சிலவேளை விழுந்துவிடும். 2020இல் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குள்ளும் ஒரு சிறிய நரம்பு வலையமைப்பைச் சேர்த்தார்கள். ஜப்பானிய ஷோகி எஞ்சின்களில் இருந்து வந்த வழி அது. தேடுவது பழைய மாதிரி, எண் போடுவது மட்டும் புது மாதிரி. எங்கட போனில் இருப்பது அந்தக் கலப்பு.

இவ்வளவையும் வாசித்த பிறகு தான் அவனுடைய 27ஆவது நகர்வுக்குத் திரும்பப் போனோம். இந்தத் தரம் பத்து செக்கனில் நிறுத்தவில்லை. போனைச் சார்ஜரில் போட்டு விடிய விடிய ஓட விட்டோம். அது பிஷப் எச்3 மாதிரி விடிய ஒரு அதிசயம் காட்டும் என்று எதிர்பார்த்தோம். மன்னிப்புக் கேட்பதற்கு அது லேசான வழியாக இருந்திருக்கும்.

காலையில் பார்த்தால் அதே +2.3. போன் நெருப்பாகச் சுட்டது.

"பார்த்தியா, பிழை தான்" என்றோம். அவன் பல் தீட்டிக்கொண்டே திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ராத்திரி என்ன எண் இருந்தது?" "2.3." "ஆழம் 20இல?" "2.3." "30இல?" "2.3 தான்டா." "வெல்லுற ஆட்டம் எண்டா எண் கூடிக்கொண்டு போகோணும் எல்லோ? ஏன் ஒரே இடத்தில நிக்குது?"

எங்களிடம் பதில் இல்லை.

அவன் அந்த பிஷப்பைக் குடுத்தது வெல்வதற்கு இல்லை. சிப்பாயை வெட்டினதும் எதிராளி தன் சிப்பாயால் திருப்பி வெட்டினான். அடுத்த நகர்வில் இவன் தன் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். அவ்வளவு தான். பலகையின் ஒரு கரையில் இருந்து மறுகரை வரைக்கும் சிப்பாய்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. ஒரு கோடும் திறந்தில்லை. வெள்ளையின் கோட்டைகளுக்குப் போக வழியில்லை. வெள்ளையிடம் மிஞ்சியிருப்பது வெள்ளைக் கட்ட பிஷப், இவனுடைய சிப்பாய்கள் எல்லாம் கறுப்புக் கட்டத்தில். ஒரு காய் கூட இருக்கிறது, உள்ளே வரக் கதவு இல்லை. செஸ் புத்தகங்களில் இதை அரண் என்று சொல்கிறார்கள். எஞ்சின்களுக்கு ஷீரோவின் நகர்வை விட இது பெரிய தலையிடி. எத்தனை ஆழம் பார்த்தாலும் ஒவ்வொரு கிளையின் முடிவிலும் அந்தக் கூடுதல் பிஷப் உயிரோடு இருக்கிறது, ஆகவே எண் போடுகிறது. ஐம்பது நகர்வு தள்ளியும் ஒன்றும் நடக்காது என்பதை அது எந்தக் கிளையிலும் ஒரு நிகழ்வாகப் பார்ப்பதில்லை.

அப்ப ஏன் தோற்றாய் என்று கேட்டோம். 41ஆவது நகர்வில், கடிகாரத்தில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தானே தள்ளிக் கதவைத் திறந்துவிட்டானாம். "சும்மா ராஜாவை அங்கையும் இங்கையும் ஆட்டிக்கொண்டு இருக்க வெக்கமா இருந்தது. நீங்கள் எல்லாரும் பின்னுக்கு நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டனீங்கள்."

எங்கட போனில் 41ஆவது நகர்வுக்குப் பக்கத்தில் சிவப்பு ஒன்றும் இல்லை. +2.3 இல் இருந்து +3.1. சின்ன ஏற்றம் என்று தான் அதன் கணக்கு. நாங்கள் அதைத் தாண்டிப் போயிருந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. 28ஆவது நகர்வுக்குப் பிறகு இருந்த நிலையைப் போட்டு, வெள்ளைக்குப் போனை விட்டு, கறுப்புக்கு அவனை இருத்தினோம். அவன் ராஜாவை ஒரு கட்டம் இப்படி, ஒரு கட்டம் அப்படி. போன் கோட்டையை இந்தக் கரைக்குக் கொண்டுபோனது, அந்தக் கரைக்குக் கொண்டுபோனது, ராஜாவைச் சுற்றுலா கூட்டிப்போனது. தான் வெல்வதாக நினைக்கிறபடியால் ஒரே நிலையை மூன்று தரம் வர விடாமல் புதுப் புது வழியாக அலைந்தது. வெட்டும் இல்லாமல், சிப்பாய் அசைவும் இல்லாமல் இரண்டு பேரும் 50 நகர்வு ஆடினால் சமநிலை என்பது விதி. ஸ்டாக்ஃபிஷ் அந்த எண்ணிக்கை கூடக் கூடத் தன் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் என்று பிறகு தான் வாசித்தோம். அன்று எங்களுக்கு அது தெரியாது. 2.3 இருந்தது 2.1 ஆனது. 1.8. யாரோ போய்ச் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தோம். 1.4. கதைக்காமல் நாலு பேரும் ஒரு திரையைச் சுற்றிக் குந்தியிருந்தோம்.

0.00 வந்தபோது அவன் எழும்பிக் கையைக் கழுவப் போனான். வட்ஸ்அப் குழுவில் 'தர்மகர்த்தா' என்று சேவ் பண்ணியிருந்த பெயரை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அழித்தோம். அடுத்த மாதம் நட்புப் போட்டி ஒன்று இருக்கிறது. அணிப் பட்டியலை இன்னும் குடுக்கவில்லை. இரண்டாம் பலகைக்கு அவனைக் கேட்டோம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றான். இன்னும் சொல்லவில்லை.